உளுந்து டப்பாவும் உடைஞ்ச இடுப்பும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேடவாக்கம் பக்கம் புது ஃப்ளாட். செருப்பைக் கழட்டறதுக்குள்ளயே "வாங்க வாங்க, மொதல்ல கிச்சனைப் பாருங்க"ன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. (ஹால்னு ஒண்ணு இருந்துச்சு. அதைத் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்.)

சுவர் முழுக்க செல்ஃப். செல்ஃப் முழுக்க கண்ணாடி ஜாடி. எல்லாம் ஒரே உயரம், ஒரே மூங்கில் மூடி. ஒவ்வொண்ணு மேலயும் இங்கிலீஷ்ல சுழிச்சு சுழிச்சு எழுதின லேபிள். எண்ணிப் பார்த்தேன், 48 ஜாடி. பதினோராயிரம் ரூபாயாம். "இனிமே என்ன சமைக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்கவே வேணாம் சார், இங்க வந்து நின்னாலே ஐடியா வரும்"னார். நானும் தலையாட்டி வெச்சேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? பைக்ல :-)

அது கூடப் பரவாயில்லை. எல்லார் வீட்லயும் நடக்கறதுதான். ஆனா கிளம்பும்போது ஒண்ணைப் பார்த்தேன் பாருங்க, அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அவங்க வீட்டுக்கு சமைக்க வர்ற அக்காவுக்கு தமிழ் மட்டும்தான் படிக்க வரும். மறுநாள் காலை டிபனுக்கு எடுத்து வைக்கறதுக்காக, அந்த அக்கா ஒவ்வொரு ஜாடியா மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு இருந்தாங்க. அரிசியும் பருப்பும் கண்ணாலயே தெரிஞ்சிடும். மைதாவும் அரிசி மாவும்? கோதுமை ரவையும் சோள ரவையும்? அந்த லேபிள் யாருக்காக எழுதினது? சமைக்கறவங்களுக்கா, பார்க்க வர்ற என்னை மாதிரி ஆளுங்களுக்கா?

"உனக்குப் பொறாமைய்யா"ன்னு தங்கமணியே சொல்லிட்டாங்க. இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் கோபம் வர்றதுக்கு வேற ஒரு கதை இருக்கு.

2019 ஆகஸ்ட். பாளையங்கோட்டையில எங்க அம்மா, அப்ப வயசு 67, பரண்ல இருந்த உளுந்து சம்படத்தை எடுக்க பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ஏறினாங்க. ஸ்டூல் வழுக்கிடுச்சு. இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன், ஆஸ்பத்திரியில 11 நாள், அப்புறம் மூணு மாசம் வாக்கர்.

எல்லாரும் ஸ்டூலைத் திட்டினாங்க. அப்பா அதைத் தூக்கிக் கொல்லையில எறிஞ்சுட்டாரு. ஸ்டூல் என்னங்க பண்ணும்? வாரம் ரெண்டு தடவை மாவாட்டுற வீட்ல, வாரம் ரெண்டு தடவை எடுக்க வேண்டிய உளுந்து எதுக்குய்யா பரண்ல இருந்துச்சு? கேட்டவங்க யாருமில்லை. நானும் அப்ப கேக்கலை. கண்ணுக்கு நேரா, கைக்கு எட்டுற உயரத்துல, அந்த அடுக்களையிலயே நல்ல செல்ஃப்ல என்ன இருந்துச்சு தெரியுமா? தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் ஒண்ணு. எங்க வீடு பால் காய்ச்சினப்போ வந்த டின்னர் செட் இன்னொண்ணு. 1998-ல யாரோ கொடுத்த கப் அண்ட் சாசர், பன்னெண்டும் உடையாம அப்படியே. ஒருநாள் கூட அதுல யாரும் டீ குடிச்சு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுச் சாமான் எல்லாம் பரண்ல, சாப்பிடாத சாமான் எல்லாம் கைக்கெட்டுற இடத்துல!

உங்க வீட்லயும் இப்ப எந்திரிச்சுப் போய்ப் பாருங்க. நான் காத்திருக்கேன்.

பார்த்தாச்சா? சரி, கதைக்கு வரேன்.

தங்கச்சி நாகர்கோவில்ல இருந்து வந்து ஆஸ்பத்திரியில அம்மா கூட இருந்தா. வீட்ல நானும் அப்பாவும். அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். மொத நாள் ராத்திரி, ஒரு ரசம் வெச்சுடலாம்னு தைரியமா உள்ள போனேன். (மெட்ராஸ்ல பேச்சிலரா ஆறு வருஷம் சமைச்சவன்யா நானு!)

"எப்பா, துவரம்பருப்பு எங்க இருக்கு?"

"உங்கம்மைட்ட கேளு."

அம்மா மயக்க மருந்துல இருந்து முழுசா தெளியவே இல்லை.

திறந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில்ல கடலைப்பருப்பு. போர்ன்விட்டா டப்பாவுல ரவை. பிஸ்கட் டின்ல புளி. ஸ்வீட் பாக்ஸ்ல கிராம்பு, ஏலக்காய், கூடவே ரப்பர் பேண்டு. ஒரே மாதிரி எவர்சில்வர் சம்படம் 14, வெளியில ஒரு அடையாளமும் கிடையாது. துவரம்பருப்பே ரெண்டு சம்படத்துல, ரேஷன்ல வாங்கினது தனி, கடையில வாங்கினது தனி. ஒரு பழைய பால்பவுடர் டின்ல நல்ல வெள்ளையா மாவு இருந்துச்சு. அரிசி மாவு, தோசை வார்த்துடலாம்னு வெங்காயம் எல்லாம் நறுக்கிப் போட்டுக் கரைச்சேன். கல்லுல ஊத்தினா கூடி வரவே இல்லை. நாக்குல வெச்சுப் பார்த்தா நறநற.

கோலப்பொடி.

சிரிக்காதீங்க. சுகர்காரரான 73 வயசு மனுஷன் தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ராத்திரி மாத்திரை போட்டாச்சு. கடைசியில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடிப்போய் பரோட்டா வாங்கிட்டு வந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில அம்மாகிட்ட கேட்டேன். கையில ட்ரிப்ஸ் ஏறிட்டு இருக்கு, கண்ணைத் திறக்க முடியலை. கண்ணை மூடினபடியே சொன்னாங்க: "அடுப்புக்கு எதுத்தாப்ல ரெண்டாவது தட்டு, இடதுகைப் பக்கம் மூணாவது சம்படம் அய்யா. அதுக்குப் பொறத்தால பாசிப்பருப்பு. அதுக்கு மேல, மூடி நெளிஞ்சு இருக்கும்லா, அது சீரகம்." வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாமே சரி. ஒண்ணு கூட மாறலை.

அப்பதான் எனக்கு உறைச்சது. அந்த அடுக்களை ஒழுங்கில்லாத அடுக்களை இல்லை. பக்காவான ஒழுங்கு. ஆனா அந்த ஒழுங்கு செல்ஃப்ல இல்லை, ஒரே ஒரு ஆளோட மண்டைக்குள்ள இருந்துச்சு. அந்த ஆளு படுத்தா வீடே பட்டினி.

அப்பா மூணு வாரம் ஹோட்டல் சாப்பாடு. நான் பத்து நாள்ல லீவு முடிஞ்சு மெட்ராஸ் வந்துட்டேன், மிச்ச நாள் அவரே போய்ச் சாப்பிட்டு வந்தாரு. வெறும் வயித்துல 130 இருந்த சுகர் 236-க்குப் போயிடுச்சு. அம்மா டிஸ்சார்ஜ் ஆகி வந்தப்புறம் நான் ஒரு சனி, ஞாயிறு போய் மொத்த சாமானையும் கீழ இறக்கினேன். பரண்ல என்ன கிடைச்சது? கேழ்வரகு மாவு 2 கிலோ. கோதுமை ரவை ஒன்றரை கிலோ. கொள்ளு ஒரு கிலோ. எல்லாம் யாருக்காக அம்மா வாங்கி வெச்சது? அப்பாவுக்காக, அவரோட சுகருக்காக. அவருக்குன்னு வாங்கி வெச்ச சாப்பாடு தலைக்கு மேல ஆறடியில இருக்கு, அது தெரியாம மனுஷன் மூணு வாரம் பரோட்டாவும் பொங்கலும் தின்னு சுகரை ஏத்திக்கிட்டாரு.

இப்ப "பாவம், அம்மா எழுதி ஒட்டியிருக்கலாமே"ன்னு யாராவது சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். அம்மா யாருக்காக எழுதி ஒட்டணும்? 45 வருஷத்துல நாங்க யாராவது அடுக்களைக்குள்ள தண்ணி குடிக்கறதைத் தவிர வேற எதுக்காவது போயிருக்கோமா? "அடுக்களை பொம்பளைங்க ராஜ்ஜியம்"னு நாம ஒரு பட்டத்தைக் கொடுத்துட்டு ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சோம். ராஜ்ஜியமாம்! எந்த ராஜ்ஜியத்துலய்யா ராணியே ஸ்டூல் போட்டு ஏறி உளுந்து எடுப்பா?

அதனாலதான் அந்த 48 ஜாடியைப் பார்த்ததும் எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. எவர்சில்வரை எடுத்துட்டுக் கண்ணாடி வெச்சா பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு நினைக்கறாங்க. தீரலை. சமைக்கற அக்காவுக்கு அதுவும் ஊமை டப்பாதான். அதுவும் போக, கண்ணாடி ஜாடியை வெளிச்சம் படற மாதிரி திறந்த செல்ஃப்ல அடுக்கினா மஞ்சப்பொடியும் மிளகாய்ப்பொடியும் நிறம் வெளுக்கும், வாசனை போகும். அடுப்புக்கு மேல வெச்சா இன்னும் மோசம், சூடும் ஆவியும் சேர்ந்து கட்டி கட்டியாயிடும். நம்ம பாட்டிங்க மூடின சம்படத்துல வெச்சது ஃபேஷன் தெரியாம இல்லை.

இன்னொரு கொடுமை. பாக்கெட்டுல பேக் பண்ண தேதி, எத்தனை மாசத்துக்குள்ள தீர்க்கணும்னு எல்லாம் போட்டிருக்கான். இவங்க ஜாடியில கொட்டிட்டு பாக்கெட்டைக் குப்பையில போட்டுடறாங்க. பாதி ஜாடி பழசு இருக்கும்போதே மேல புதுசைக் கொட்டறது வேற. அடியில இருக்கற பருப்பு எந்த வருஷத்துப் பருப்புன்னு யாருக்குத் தெரியும்? அரிசியில, கோதுமையில வண்டு வெளியில இருந்துதான் வருதுன்னு நினைச்சு இறுக்கமான மூடி வாங்கறவங்களுக்கு ஒரு சேதி: அந்த வண்டு தானியத்தைத் துளைச்சு உள்ள முட்டையிட்டு ஓட்டையை அடைச்சுடும். புழு உள்ளயே வளரும். நீங்க கடையில வாங்கும்போதே உள்ள இருந்தா, நம்ம ஊரு வெக்கைக்கு ஒரு மாசம் கழிச்சு பதினோராயிரம் ரூபாய் ஜாடிக்குள்ளயும் சொகுசா நடந்து வரும். இறுக்கமான மூடியால ஒரே ஒரு லாபம், பக்கத்து ஜாடிக்குப் போகாது. மத்தபடி வெயில்ல காய வைக்கறது, வசம்பு போடறது, துவரம்பருப்புல விளக்கெண்ணெய் தடவறது, ரவையை வறுத்து வைக்கறதுன்னு பழைய வேலையெல்லாம் அப்படியேதான் பாக்கி நிக்கும். 2020 மார்ச் ஊரடங்குல பயந்துபோய் ரவையை மூட்டையா வாங்கினவங்களுக்கு ஜூன் மாசம் இது நல்லாவே புரிஞ்சிருக்கும். (கையைத் தூக்கறேன், நானும் அதுல ஒருத்தன்.)

"ஏன் சார் இவ்வளவு கஷ்டம், பத்து நிமிஷத்துல எல்லாம் வீட்டு வாசலுக்கு வருதே"ம்பாங்க இன்னொரு குரூப். வருது. அதனாலதான் எங்க மெட்ராஸ் வீட்ல அரைக்கிலோ கடலைப்பருப்பு பாக்கெட் மூணு இருந்துச்சு. டப்பாவைத் திறந்து பார்க்கறதை விட போன்ல அமுக்கறது சுலபம். மேல பேச ஒண்ணுமில்லை.

சரி, திட்டினது போதும், நீ என்னய்யா பண்ணினேன்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் கண்டுபிடிக்கலை. எங்க வீட்லயே பாட்டி காலத்துல இருந்து இருக்கற ஒரு சாமானை உக்காந்து பார்த்தேன். அஞ்சறைப்பெட்டி. அதுல ஏன் கடுகும் உளுந்தும் சேர்ந்திருக்கு? கடுகு மசாலா சாதி, உளுந்து பருப்பு சாதி. இந்த ஜாடி ஆளுங்க கணக்குப்படி உளுந்து பருப்பு வரிசைக்குல்ல போகணும்? ஆனா தாளிக்கறப்போ ரெண்டும் சேர்ந்துதான் வேணும். அதனால சேர்ந்து இருக்கு. கூடவே சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சப்பொடி. எண்ணெய் காயற நேரத்துல ஒரு பெட்டியை எடுத்தா போதும். என்ன வகைங்கறதைப் பார்க்காம, என்ன வேலைக்குங்கறதைப் பார்த்து அடுக்கி வெச்ச பெட்டி அது. அப்படிப்பட்ட பெட்டியை கையில வெச்சுக்கிட்டே மத்த செல்ஃபை எல்லாம் ஏன் வகை வகையா பிரிச்சோம்னு எனக்கு இன்னும் புரியலை.

அதனால பாளையங்கோட்டையில மொத்த அடுக்களையையும் பெரிய அஞ்சறைப்பெட்டியா மாத்தினோம். டின்னர் செட் ரெண்டும் கப் அண்ட் சாசரும் பரணுக்குப் போச்சு. (இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவை கூட கீழ இறங்கலை.) அந்த இடத்துல மாவாட்டுற சாமான்: இட்லி அரிசி, உளுந்து, வெந்தயம், ஆழாக்கு. நாலும் பக்கத்து பக்கத்துல. அதுக்குக் கீழ குழம்புத் தட்டு: துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, புளி, சாம்பார் பொடி, வத்தல். அடுத்தது அவசரத் தட்டு: ரவை, சேமியா, அவல், கோதுமை ரவை. இதுதான் முக்கியம். காய்கறி ஒண்ணுமே இல்லைன்னாலும், சமைக்கத் தெரியாத ஆளுன்னாலும், அரைமணி நேரத்துல வயித்துக்கு ஏதாவது போடற தட்டு. அதுல அப்பாவுக்கான கேழ்வரகு மாவும். முட்டிக்கு மேல, கண்ணுக்குக் கீழ. இதைத் தாண்டி தினசரி சாமான் ஒண்ணுமே இருக்கக்கூடாதுன்னு சட்டம். புது டப்பா ஒண்ணு கூட வாங்கலை. அதே ஹார்லிக்ஸ் பாட்டில், அதே சம்படம். செலவு: வெள்ளை டேப் ஒரு ரோலு, மார்க்கர் பேனா ஒண்ணு. 60 ரூபாய் ஆகியிருக்கும். தமிழ்ல, கொட்டை எழுத்துல, கண்ணாடி போடாமயே படிக்கற மாதிரி. பாக்கெட்ல தேதி இருக்கற துண்டை மட்டும் வெட்டி டப்பா அடியில ஒட்டிட்டோம். ஒரு அனுபவ பாடம்: மூடி மேல எழுதாதீங்க. மூடி மாறிடும். மொத வாரமே உப்பு "சர்க்கரை" ஆயிடுச்சு, அப்பா காப்பி குடிச்சு முகத்தைச் சுளிச்சாரு.

இன்னொரு விஷயம் மெனு. ஞாயித்துக்கிழமை உக்காந்து ஏழு நாளைக்கும் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க வீட்ல அதையும் பண்ணிப் பார்த்தோம். புதன்கிழமைக்குள்ள செத்துடும். ஏன்னா அந்த மெனு பத்திரிகை இலவச இணைப்பைப் பார்த்து எழுதினது, டப்பாவைப் பார்த்து எழுதினது இல்லை. அதுக்காக எதையோ நூறு கிராம் வாங்குவோம், ஒரு ஸ்பூன் போடுவோம், மிச்சம் ரெண்டு வருஷம் இருக்கும். அப்பா கணக்கு வாத்தியார் இல்லையா, அவரு தலைகீழா போட்டாரு. நாலு பேருக்கு ஒரு வேளை சாம்பாருக்கு நூறு கிராம் பருப்பு. அப்ப ஒரு கிலோ டப்பாங்கறது பத்து சாம்பார். டப்பா பாதியில இருந்தா அஞ்சு சாம்பார். "எலேய், இது பருப்பு இல்லடா, இது அஞ்சு நாளு"ன்னாரு. மாசக் கடைசியில எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சுதா? எல்லாப் பருப்பையும் ஒண்ணா ஊறப்போட்டு அடை. அடையைக் கண்டுபிடிச்ச புண்ணியவதிதான் இந்த விஷயத்துல ஒரிஜினல் எக்ஸ்பர்ட், அவங்க பேரு யாருக்கும் தெரியாது. டப்பா எல்லாம் துடைச்சுக் காலியானதும்தான் அடுத்த மாச மளிகை லிஸ்ட். போன மாச லிஸ்ட்டையே அண்ணாச்சிகிட்ட நீட்டற பழக்கத்தை அதோட நிறுத்தியாச்சு. அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அம்மா வாக்கரைத் தள்ளிட்டு வந்து இதையெல்லாம் பார்த்தப்போ சந்தோஷப்பட்டாங்கன்னு சினிமா மாதிரி முடிக்க ஆசைதான். ஆனா நடந்தது வேற. "யாரு இது என் சாமானை எல்லாம் எடம் மாத்துனது?"ன்னு கேட்டுட்டு ரெண்டு நாள் பேசலை. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. 45 வருஷம் கண்ணை மூடிட்டு எடுத்த சாமானை, எழுதிப் படிச்சு எடுன்னா யாருக்குத்தான் கோபம் வராது? அவங்க கையில இருந்த ஒண்ணே ஒண்ணையும் நாங்க பிடுங்கிட்ட மாதிரி. மூணாவது நாள் உப்பு ஜாடியை மட்டும் பழைய இடத்துலயே கொண்டு போய் வெச்சாங்க. நாங்க யாரும் வாயைத் திறக்கலை. அது இப்பவும் அங்கதான் இருக்கு, எங்க சட்டத்துக்கு விரோதமா.

இப்ப சமையல் பாதி நாள் அப்பாதான். செல்ஃப் ஓரத்துல கயித்துல கட்டின பழைய ரஃப் நோட்டு ஒண்ணு தொங்குது. "து.ப. 6 சா., உளு. 3 ஈடு"ன்னு கணக்கு வாத்தியார் கையெழுத்துல எழுதியிருக்கும். அம்மா ஹால்ல சேர்ல உக்காந்துக்கிட்டு "ரசத்துக்கு எந்தப் பருப்புங்க எடுத்தீங்க? ரேஷன் பருப்பா?"ன்னு குரல் கொடுப்பாங்க. அவரு உள்ள இருந்து டப்பாவைத் திருப்பி, அடியில ஒட்டினதைப் பார்த்து, "கடைப் பருப்புதான், போன மாசம் 12-ம் தேதி பேக் பண்ணது"ம்பாரு. "தேதியெல்லாம் யாரு கேட்டா, குழைஞ்சுதா இல்லையா?"

பி.கு: கோலப்பொடி இப்ப வாசல் ஜன்னல்ல, தேங்காய்ச் சிரட்டையில இருக்கு. சாப்பாட்டு டப்பாவுல சாப்பிடாத எதையும் போடறதில்லைன்னு பேத்தி தலைமையில தீர்மானம் போட்டிருக்கோம். அன்னிக்குக் கரைச்ச தோசை மாவு? கொல்லையில கொட்டினேன். அடுத்த மழை வரைக்கும் வெங்காயத்தோட கெட்டியா அங்கேயே கிடந்துச்சு.